செத்த மணலும் உயிர் மணலும்: ஒரு மீனைப் பட்டினி போட்ட கதை

கோபி என்றதும் கோபி மஞ்சூரியனோ கோபிசெட்டிபாளையமோ ஞாபகம் வந்தால் தப்பில்லை. மூன்று வருஷம் முன்பு வரை எனக்கும் அப்படித்தான். இந்தக் கட்டுரையில் வரும் கோபி ஒரு கடல் மீன். சாண் நீளம்கூட இருக்காது. அதன் முழுநேர வேலை மணல் சலிப்பது. வாய் நிறைய மணலை அள்ளும், கொஞ்ச நேரம் மெல்லும், பிறகு இரண்டு பக்கச் செவுள் வழியாகவும் பொலபொலவென்று கொட்டும். மணலில் ஒளிந்திருக்கும் பொடிப் பொடிப் புழு பூச்சிகள் செவுளில் உள்ள முள் வரிசையில் சிக்கிக்கொள்ளும். அதுதான் சாப்பாடு. காலையில் தொட்டியின் விளக்கைப் போட்டதிலிருந்து ராத்திரி அணைக்கும் வரை இதே வேலைதான். முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைக்கும் பாட்டியைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

கடைகளில் இதை "மணலைச் சுத்தம் பண்ற மீன்" என்று சொல்லி விற்கிறார்கள். சொல்வது பொய்யில்லை. மணல் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் வாங்கிப்போகும் பலருடைய வீட்டில் இரண்டு மூன்று மாதத்தில் மீனின் வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி ஆகி, ஒரு நாள் காலையில் காணாமல் போய்விடும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலும் அப்படி இரண்டு போயின. நோய் இல்லை. தண்ணீர்ப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. பட்டினிதான் காரணம். மணலை அள்ளி அள்ளிப் பார்த்து, அதில் ஒன்றுமே கிடைக்காமல், என் கண் முன்னாலேயே செத்தன. தினமும் உட்கார்ந்து "எவ்வளவு சுறுசுறுப்பு பாரேன்" என்று ரசித்துக்கொண்டிருந்தவன் நான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று தேட ஆரம்பித்தபோது, கடல் மீனைக் கண்ணாடிக்குள் வைக்கப் பழகிய 170 வருஷத்துக்கும் மேலான கதை கிடைத்தது. அதில் சென்னையும் வருகிறது, திருகோணமலையும் வருகிறது, நம்ம திருச்சியும் வருகிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். மீன் வளர்ப்புக் குறிப்பு மட்டும் போதும் என்பவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

முதலில் பெயர். கோபி என்பது பெரிய குடும்பம். அதில் ஒன்று நமக்குப் பழக்கமானதுதான். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணலில் பாதி புதைந்து கிடக்கும் உழுவை மீன். 1822-ல் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அறிவியல் பெயர் பெற்றது. உழுவை என்றால் பழந்தமிழில் புலி என்றும் பொருள் உண்டு. மீனுக்கு அந்தப் பெயர் மணலை உழுவதால் வந்ததா, புலி மாதிரிப் பதுங்கிப் பாய்வதால் வந்ததா என்று தமிழ் படிக்கும் நண்பர்கள் சண்டை போடலாம். நம் உழுவை மணலைச் சலிப்பதில்லை. பதுங்கியிருந்து சின்ன மீனையும் இறாலையும் பிடிக்கும். சலிக்கும் வேலை செய்வது அதன் கடல் பங்காளிகள். அந்தப் பேரினத்துக்குப் பெயர் வலென்சியென்னியா.

வாயில் நுழையாத அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பிரான்சின் அஷீல் வலென்சியென். இவரும் இவருடைய குரு கூவியேவும் சேர்ந்து உலகத்து மீன்களை எல்லாம் எழுதிவைக்க 1828-ல் ஒரு பெரும் நூலைத் தொடங்கினார்கள். குரு 1832-ல் காலமாகிவிட, சீடர் விடாமல் இழுத்துக்கொண்டுபோய் 1849 வரை 22 தொகுதி கொண்டுவந்தார். 1837-ல் வந்த தொகுதியில், கன்னத்தில் நீலப் பொட்டு வைத்த வெளிர் நிறக் கோபி ஒன்றை விவரித்தார். அந்த மீன் போனது திருகோணமலையிலிருந்து. லத்தீனில் "ஆறு பொட்டு" என்று பொருள்படப் பெயர் வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க மீன் தொட்டிக்காரர்கள் வாங்கும் மணல் சலிக்கும் கோபிகளில் அதுவும் ஒன்று. பிறகு 1856-ல், பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு ராணுவ மருத்துவராக இருந்த பிளீக்கர் இந்த வகை மீன்களுக்குத் தனிப் பேரினம் வகுத்து, வலென்சியென் பெயரையே வைத்தார். பட்டாவியாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

திருகோணமலையிலிருந்து பாரிஸுக்கு மீன் போனது செத்துத்தான். புட்டியில், சாராயத்தில் ஊறி. அந்தக் காலத்தில் ஒரு மீனைத் "தெரிந்துகொள்வது" என்றால் அவ்வளவுதான். பொட்டை எண்ணலாம், துடுப்பு முள்ளை எண்ணலாம். அது எப்படிச் சாப்பிடுகிறது, ஜோடியாக வாழ்கிறதா, ராத்திரி எங்கே தூங்குகிறது, எதுவும் தெரியாது. மணலைப் பிரித்துவிட்டு மீனை மட்டும் எடுத்துப்போனால் வேறென்ன தெரியும்?

சென்னையில் இதற்கு அழகான பெயர் வைத்திருந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பழைய மதராஸ்காரர்கள் "செத்த காலேஜ்" என்பார்கள். உயிருள்ள மிருகங்கள் இருந்த மிருகக்காட்சி சாலை "உயிர் காலேஜ்". இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் வகைப்படுத்தியிருக்க முடியாது. அந்தச் செத்த காலேஜுக்கு 1885-லிருந்து 1908 வரை தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி எழுதியவர் என்றுதான் வரலாற்று மாணவர்களுக்கு அவரைத் தெரியும் (மனிதர்களின் மூக்கை அளந்தவர் என்றும் தெரியும், அது வேறு கதை). ஆனால் அவர் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போய் முத்துக்குளிப்பையும் சங்கு குளிப்பையும் கடல் உயிர்களையும் பார்த்து எழுதியவர். ராமேஸ்வரத்துக் கடல் உயிரினங்களைப் பற்றி 1887-லும், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிர்கள் பற்றி 1890-லும் அவர் எழுதியவை அச்சாயின. புட்டிகளுக்கு நடுவில் இருந்தவருக்கு ஒரு கட்டத்தில் உயிரோடு காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. மெரினாவில் மீன் காட்சியகம் அவருடைய யோசனைதான். 1909-ல் திறந்தார்கள். அதற்குள் அவர் அருங்காட்சியகப் பொறுப்பை விட்டிருந்தார்.

அதற்கு 60 வருஷம் முன்பே ஐரோப்பாவில் இந்த வேலை ஆரம்பித்திருந்தது. அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஆனா தைன் என்ற அம்மையார். 1846-ல் டார்க்கி கடற்கரையிலிருந்து சின்னப் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் இல்லை, மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று கடல் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார், வேலைக்காரப் பெண்ணை. நம்ம ஊர் டீ மாஸ்டர் மாதிரி! காற்று கலந்து தண்ணீர் கெடாமல் இருந்தது. பவளங்கள் மூன்று வருஷம் வாழ்ந்தன. வரலாற்றில் அம்மையாரின் பெயர் இருக்கிறது. கை வலிக்க ஆற்றியவளின் பெயர் இல்லை.

அடுத்து பிலிப் ஹென்றி காஸ். லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853-ல் திறந்த மீன் மாளிகைக்குக் கைகொடுத்தவர். 1854-ல் எழுதிய புத்தகத்தால் அக்குவேரியம் என்ற சொல்லையே ஊரெல்லாம் பரப்பினார். திருச்சிக்காரனுக்கு இவர் முக்கியமான ஆள். கடலே இல்லாத ஊரில் கடல் தண்ணீர் தயாரிப்பது எப்படி என்று கணக்குப் போட்டவர்களில் முன்னோடி இவர். சமையல் உப்பு, பேதி உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நான்கையும் அளந்து நல்ல தண்ணீரில் கரைத்தார். அதில் முதலில் மீனை விடவில்லை. பாசியைத்தான் விட்டார். தண்ணீருக்குக் கொஞ்சம் உயிர் வந்த பிறகுதான் பிராணிகள். இந்த வரிசையை அன்றைக்கே புரிந்துவைத்திருந்தார் மனிதர். 2020-களில் அவசரப்பட்ட நான் புரிந்துவைத்திருக்கவில்லை.

ஆனால் காஸின் புத்தகம் ஒரு பெரிய கெடுதலும் செய்தது. படித்துவிட்டு இங்கிலாந்தே கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டது. பாறைக் குட்டைகளில் இருந்த கடல் சாமந்தி, பவளம், நட்சத்திர மீன் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துப் போனார்கள். அவற்றில் எத்தனை வரவேற்பறையில் ஒரு மாதம் உயிரோடு இருந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள். காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய நினைவு நூலில், அப்பா வர்ணித்த அந்தக் கரைகள் வெறுமையாகிப் போனதைச் சொல்லி வருந்துகிறார். அப்பாவும் அதற்காக வேதனைப்பட்டாராம்.

இப்போது மெரினாவுக்குத் திரும்பலாம். 1909-ல் திறந்த காட்சியகம் சின்னதுதான். ஆனால் கடல் வாசலிலேயே இருந்தது. வங்கக் கடல் மீன்களை உயிரோடு பார்க்கக் கூட்டம் வந்தது. பிறகு நிர்வாகம் மீன்வளத் துறைக்குப் போயிற்று. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே மூட்டை கட்டியபோது காட்சியகமும் மூடப்பட்டது. போருக்குப் பிறகு பழைய நிலைக்கு வரவேயில்லை. பம்பாய்க்காரர்கள் 1951-ல் தாராபோர்வாலா காட்சியகத்தைத் திறந்தார்கள். சென்னையில் பெரிய அளவில் கடல் மீன்களைப் பார்க்க 2019-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் காட்சியகம் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் எத்தனை தலைமுறை!

வீட்டில் கடல் தொட்டி வைப்பதும் உலகம் முழுக்க ரொம்ப நாள் தோல்விக் கதைதான். 1950-களிலும் 60-களிலும் வைத்திருந்தவர்கள் "சுத்தம்" என்ற ஒரே மந்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பவள எலும்பை வெளுத்து, காயவைத்து, அலங்காரமாக வைப்பார்கள். அழுக்கானால் எடுத்து மறுபடி வெளுப்பார்கள். மணலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுவார்கள். கண்ணாடிக்குள்ளே ஒரு செத்த காலேஜ். அதில் மீனை மட்டும் உயிரோடு விட்டால்? 1964-ல் அமெரிக்காவில் பாக்கெட் கடல் உப்பு விற்பனைக்கு வந்தது. கரையில்லாத ஊர்க்காரர்களுக்கும் தண்ணீர்ப் பிரச்சனை தீர்ந்தது. தரைப் பிரச்சனை தீரவில்லை.

அதை உடைத்தவர் ஜகார்த்தாவில் இருந்தார். அதே பழைய பட்டாவியா! லீ சின் எங் என்பவர் 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். வடிகட்டி கிடையாது. கடலிலிருந்து எடுத்த, மேலெல்லாம் உயிர் அப்பியிருக்கும் பாறை, மணல், கடல் தண்ணீர், காற்றுக் குமிழி கொஞ்சம், வெயில். அவ்வளவுதான். பவளமே வளர்ந்தது. அந்தப் பாறையிலும் மணலிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்தான் வேலை செய்கிறது என்பது பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. மீனின் கழிவில் வரும் அம்மோனியா விஷம். மேல்மணலில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், வேறொன்று அதை நைட்ரேட்டாக்கும். ஆக்சிஜன் இல்லாத அடிமணலில் இருக்கும் இன்னொரு கோஷ்டி நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். 1980-களில் மொனாக்கோவில் ஜான் ஜோபேர் இந்த அடிமணலை வைத்தே முழு முறையை வகுத்தார். 1990-களில் அமெரிக்காவின் ரொனால்ட் ஷிமெக், நாலு அங்குல ஆழத்துக்கு நுண்மணல் போட்டு அதில் புழுவும் பூச்சியும் பெருக விடுங்கள் என்று எழுதி எழுதியே ஒரு தலைமுறையை மாற்றினார்.

இங்கேதான் நம்ம கோபிக்கு வில்லங்கம். உயிர் மணல் வேண்டும் என்று சொன்ன ஷிமெக்கே, மணல் சலிக்கும் மீனையும் மணல் சலிக்கும் நட்சத்திர மீனையும் அதில் விடாதீர்கள் என்றார். ஏன்? அவை அந்த உயிர்களைத் தின்று தீர்த்துவிடும். முதலில் மணல் சாகும், பின்னாலேயே சலித்தவனும் சாவான். என் தொட்டியின் மணல் பரப்பு 6 சதுர அடி. கடலில் ஒரு ஜோடி மேய்கிற இடம் அதைப்போலப் பல மடங்கு. அங்கே ஓர் இடத்தில் சலித்துவிட்டு நகர்ந்தால், திரும்ப வருவதற்குள் பக்கத்து மணலிலிருந்து புழுவும் பூச்சியும் குடியேறிவிடும். கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்து மணல் ஏது? "மணலைச் சுத்தம் பண்ற மீன்" என்ற விளம்பரத்துக்கு உண்மையான அர்த்தம் இதுதான்: தன் சோற்றுப்பானையைத் தானே வழித்துச் சுரண்டும் மீன்.

அப்படியானால் லீ சின் எங் செய்த மாதிரி கடலுக்குப் போய்ப் பாறையும் மணலும் அள்ளிவந்தால் என்ன? திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது கடல். எனக்கும் அந்த யோசனை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே அள்ளியவர்கள் கதையைப் படித்த பிறகு கை நீளவில்லை.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவில் 21 தீவுகள் என்று கணக்கு. சுற்றிலும் பவளப்பாறை. பல பத்தாண்டுகள் அந்தப் பவளத்தை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கார்பைடு தொழிலுக்கும் கொண்டுபோனார்கள். வள்ளம் வள்ளமாகப் போயிற்று. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிப்புகள் வந்தும் உடனே நின்றுவிடவில்லை. பவளம் என்பது தீவுக்கு மதில் மாதிரி. மதிலைப் பிரித்தால் அலை நேராக மணலில் அடிக்கும். தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. 21 என்று இன்றும் எழுதுகிறோம், எண்ணிப் பார்த்தால் 19. வான் தீவு சுருங்கிச் சுருங்கி, அதைக் காப்பாற்ற 2015-லிருந்து செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். போதாததற்கு 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போன வருஷங்கள் வேறு.

2001 ஜூலையில் மத்திய அரசு கல்பவளங்கள் அத்தனையையும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கும் அதே அட்டவணை. கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் சட்டப்படி வம்புதான். 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி அமைத்தபோதும் பவளத்துக்கு அந்தப் பாதுகாப்பு போகவில்லை. தொட்டி வைத்திருப்பவர்களில் சிலர் இதைக் கெடுபிடி என்று புலம்புவார்கள். இரண்டு தீவு முங்கிய பிறகு வந்த சட்டத்தைக் கெடுபிடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காஸின் இங்கிலாந்துக்கு இப்படி ஒரு சட்டம் கிடைக்கவில்லை, பாவம்.

"ஏன்டா, வாசல்ல காவிரி, அதுல மணலுக்கா பஞ்சம்?" என்று பாட்டி கேட்டாள். நல்ல கேள்விதான், இரண்டு வகையில் உதைக்கும். ஒன்று, ஆற்று மணல் படிகக்கல் உடைந்து வந்தது. கூரானது, கரையாது. பவள மணல் என்பது சுண்ணாம்பு. மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீர் அமிலமாகாமல் பிடித்துவைக்கும். விளிம்பு மழுங்கிய நுண்மணலாக இருந்தால்தான் கோபியின் செவுளும் புண்ணாகாது. இரண்டாவது, காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் இருக்கிற லட்சணம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருவானைக்காவல் பக்கம் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் உடைந்து விழுந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. மணல் அள்ளியதுதான் காரணம் என்று பேசாத டீக்கடை அன்று திருச்சியில் இல்லை. பாட்டி சின்ன வயதில் கோடையில் காய்ந்த காவிரியில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவள். மணலில் உயிர் இருக்கிறது என்று அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருச்சியில் கடல் உயிரை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு தகவல். 1991-லிருந்தே நடக்கிறது! புதுக்கோட்டை சாலையில் பாரதிதாசன் பல்கலைக்கழக வளாகத்தில் கடல்சார் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையத்தை, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு அமைத்தார்கள். கடற்கரைகளிலிருந்து சேகரித்த நுண்பாசிகளைக் கலக்கிய உப்புத் தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருக்கும் இடம். கடலே இல்லாத ஊரில். வேடிக்கை என்னவென்றால், மீன் தொட்டிக்காரர்கள் மணலில் சிவப்பாகப் படர்ந்துவிட்டால் தலையில் கை வைத்துக்கொள்வதும், அதை ஒழிக்கத்தான் கோபியை வாங்குவதும் இதே நீலப்பச்சைப் பாசிக் குடும்பத்துக்காகத்தான். அங்கே கண்ணாடிக் குடுவையில் சீராட்டப்படுவதன் சொந்தக்காரன், இங்கே என் மணலில் எதிரி.

சரி, வளர்ப்புக் கதைக்கு வருகிறேன். சித்தப்பா மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன நாலடித் தொட்டி, சுமார் 250 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்றால் கிட்டத்தட்ட 9 கிலோ பாக்கெட் உப்பு. அளவையில் விற்கும் கல் உப்பு உதவாது, சோடியம் குளோரைடு மட்டும் கடலாகிவிடாது. ஊர்த் தண்ணீரை ஆர்.ஓ. செய்துதான் கலக்கணும். நான் செய்த முதல் தப்பு, காய்ந்த பவள மணலை வாங்கிப் பத்துத் தடவை அலசிப் போட்டது. இரண்டாவது தப்பு, ஆறாவது வாரமே அம்மோனியா பூஜ்யம் வந்துவிட்டது என்று துள்ளிக்குதித்துக் கோபி வாங்கியது. அம்மோனியா பூஜ்யம் என்றால் பாக்டீரியா வந்துவிட்டது என்று அர்த்தம். புழு பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சமையலறையில் அடுப்பு வந்துவிட்டது, அரிசி வரவில்லை! முதல் மீன் ஒன்பது வாரம், இரண்டாவது மீன் ஏழு வாரம்.

தெரிந்தவர்கள் செய்வது வேறு. முதலில் பாறையைத் தொட்டியின் அடிக் கண்ணாடியிலேயே உட்காரவைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் மணலைப் போடுகிறார்கள். இல்லையென்றால் கோபி பாறைக்கு அடியில் வளை தோண்டி, பாறையையே தன் தலையில் சாய்த்துக்கொள்ளும். ராத்திரி அந்த வளைக்குள் போய் வாசலையும் மூடிக்கொண்டு தூங்கும். மேலே வலை மூடி அவசியம், எட்டிக் குதித்துத் தரையில் காய்ந்து கிடந்த கோபிகளின் கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். இயற்கையில் இவை ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து வாழ்பவை, ஒன்று மேயும்போது மற்றது பக்கத்திலேயே இருக்கும். ஒற்றையாக விட்டால் மிரண்டே கிடக்கும், சரியாகச் சாப்பிடாது. ஆனால் ஜோடி என்றால் இரண்டு வாய், 6 சதுர அடிக்கு அது தாங்காது. மணலை மட்டும் நம்பாமல் உறைந்த இறால் பொடியும் ஆர்டீமியாவும் அடியில் விழும்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொடுக்கிறார்கள். பக்கத்தில் மீன் இல்லாத சின்னத் தொட்டி ஒன்றை இணைத்து, அதில் பாசியும் கோப்பிபோட் பூச்சிகளும் பெருகி வழிந்து வரும்படி வைக்கிறார்கள். திருச்சி மே மாதம் 40 டிகிரியைத் தொடும், தொட்டிக்குள் 27 தாண்டாமல் வைக்க ஃபேனோ சில்லரோ வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப். 2012 மாதிரி ஒரு மின்வெட்டு வருஷம் திரும்ப வந்தால் எல்லாம் காலி!

இவ்வளவுக்கும் பிறகு மணலுக்கு உயிர் எங்கிருந்து வரும்? கடலில் அள்ளாமல்? விடை நம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. நாலைந்து வருஷம் ஓடிய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு டம்ளர் மணல் வாங்கிவந்து நம் செத்த மணலில் தூவிவிட்டு, மீனே விடாமல் காத்திருப்பது. எனக்கு மதுரை நண்பர் ஒருவர் கொடுத்தார். ஈர மணலை டிபன் பாக்ஸில் மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் "என்ன தம்பி, பிரசாதமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கோமாளி மீனை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சிக் கூடங்களில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். மணல் சலிக்கும் கோபி அப்படியில்லை, கடைக்கு வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு கடலிலிருந்து பிடித்ததுதான். என் தொட்டியில் செத்த இரண்டும் அப்படி ஏதோ ஒரு பவளத்திட்டில் ஜோடியோடு இருந்தவையாகத்தான் இருக்கும்.

அந்த டம்ளர் மணல் வந்து இப்போது 14 மாதம். தொட்டியில் இன்னும் ஒரு மீன்கூட இல்லை. வீட்டுக்கு வருபவர்கள் வெறும் கல்லையும் மணலையும் உற்றுப் பார்த்துவிட்டு "மீன் எங்கே?" என்று கேட்கிறார்கள். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி ஓரத்தில், மணலுக்குள், நூல் மாதிரி ஒரு புழு வளைந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேலே வெள்ளைப் புள்ளிகளாகப் பூச்சிகள், எண்ண முடியாத அளவுக்கு. பாட்டியை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுங்களைத் திங்கறதுக்கா மீன் வாங்கப் போறே?" என்றாள்.

இன்னும் வாங்கவில்லை.